பெயர் தெரியாத பெண்ணின் வெண்கலச் சிலை: பச்சைக் களிம்பு திரும்பத் திரும்ப வந்த கதை

மெழுகு பூசி முடித்து 5 மாதம் ஆகிறது. புதிதாக ஒரு புள்ளிகூடப் பூக்கவில்லை. இதற்கு முன் செய்த இரண்டு வைத்தியமும் ஒன்பது பத்து நாள்கூடத் தாங்கவில்லை என்பதால், எது வேலை செய்தது, எது கெடுத்தது என்று வரிசையாக எழுதி வைக்கிறோம்.

சிலை மார்பளவு, ஆளளவு. உயரம் 46 செ.மீ., மரப்பீடத்தைக் கழற்றிய பின் எடை 21.4 கிலோ. பின்கொண்டை, திறந்த கழுத்து, விழியில் குழி தோண்டிய பார்வை. யாருடைய முகம் என்பதற்கு எழுத்துச் சான்று எதுவும் இல்லை. பீடத்தின் முன்பக்கத்தில் 84 மி.மீ. இடைவெளியில் இரண்டு திருகுத் துளைகள் மட்டும் இருந்தன. ஒரு காலத்தில் பெயர்த்தகடு இருந்திருக்கிறது.

ஆள் தெரியாத சிலையில் கை வைக்கும்போது ஒரு கட்டுப்பாடு கூடுதலாகச் சேர்கிறது. நாளைக்கு யாராவது அடையாளம் கண்டுபிடிக்க வேண்டுமானால், இந்த மேற்பரப்பும் உட்பரப்பும்தான் மிச்சமிருக்கும் ஆவணம். ஆகவே பளபளப்பாக்கும் பசை, கம்பித் தூரிகை, மணல் பீய்ச்சல் மூன்றும் முதல் நாளே விலக்கப்பட்டன.

முதல் நாள்: பதிவு

நான்கு பக்கமும் அளவுகோல் வைத்துப் படம். அதன்பின் அறையை இருட்டாக்கி, விளக்கைத் தரையோடு தரையாகச் சாய்த்துப் பிடித்து மறுபடியும் படம். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல், முத்திரை, அரம் போட்ட தடம் எல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் நிழலாக எழுந்து நிற்கும். இடது தோளின் உள்விளிம்பில் தேய்ந்த முத்திரை ஒன்று இப்படித்தான் கிடைத்தது. 11 மி.மீ. நீளம். இரண்டு எழுத்தின் கால்கள் மட்டும் மிச்சம். வாசிக்க முடியவில்லை. அதன்மேல் ஒட்டியிருந்த அழுக்கைக்கூட எடுக்காமல் விட்டோம்.

சுவர்க்கனம் விளிம்பில் 4.5 முதல் 6 மி.மீ. வரை. உள்விளிம்பில் மெழுகு வழிந்த துளிகள் அப்படியே வெண்கலமாக நின்றதால் இது மெழுகு வார்ப்பு (மெழுகில் உருவம் செய்து, அதை உருக்கி வடித்த இடத்தில் உலோகம் ஊற்றுவது) என்பதில் சந்தேகமில்லை. விளிம்பின் உட்புறம் ஒரு சிறு இடத்தைச் சுரண்டி எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வைத்ததில் செம்பு சுமார் 85, வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் தலைக்குச் சுமார் 5 என்று வந்தது. சிலை வார்ப்பில் அடிக்கடி பார்க்கும் கலவைதான். களிம்புக்கு மேலேயே கருவியை வைத்தால் வெள்ளீயம் கூடுதலாகக் காட்டும். அந்த எண்ணை நம்பக் கூடாது.

களிம்புப் புள்ளிகளை எண்ணி, படத்தில் எண் போட்டுக் குறித்தபோது மொத்தம் 14. பச்சை எல்லாம் நோய் அல்ல. கொண்டையின் மடிப்பில் இருந்த கரும்பச்சை கெட்டியானது, பல்குத்தும் குச்சியால் தேய்த்தாலும் வராது. அது சிலைக்குக் காப்பு. தாடையிலும் காதுக்குப் பின்னாலும் இருந்ததோ வெளிர்பச்சை மாவு. ஊதினாலே பறந்தது. அடியில் சாம்பல் நிறத்தில் மெழுகு மாதிரி ஒரு படிவு, அதற்கும் கீழே குழி. அதுதான் வெண்கல நோய். செம்பு குளோரைடு உள்ளே உட்கார்ந்துகொண்டு, காற்றில் ஈரம் கிடைக்கும்போதெல்லாம் அமிலம் கக்கி உலோகத்தைத் தின்னும்.

முதல் தவறு: தண்ணீர்

நான்காம் நாள், காய்ச்சி வடித்த நீரில் 1 சதவீதம் அயனியற்ற சோப்புக் கரைசல், பஞ்சு, மென்மயிர்த் தூரிகை. பழைய அழுக்கும் கைப்பிசுக்கும் நன்றாகவே போயின. முகம் தெளிந்தது. துடைத்து, விசிறிக் காற்றில் ஒரு நாள் உலர்த்தி, அலமாரியில் வைத்தோம்.

பதின்மூன்றாம் நாள் எண்ணினால் 23 புள்ளிகள்.

துடைத்த பஞ்சில் ஈரம் அதிகம். கழுத்துக்குப் பின்னால் 38 மி.மீ. நீளத்தில் மயிரிழை விரிசல் ஒன்று இருந்தது. அதன் வழியே தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. வெளியே உலர்ந்துவிட்டது, உள்ளே உலரவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் ஒரு பொள்ளல் சிலையை நனைத்தது முழுக்க எங்கள் பிழை.

இரண்டாம் தவறு: புள்ளி புள்ளியாக மருந்து

அடுத்த ஐந்து நாள் வெள்ளி ஆக்சைடு. முறை சரியான முறைதான். 10 மடங்கு உருப்பெருக்கியின் கீழ் 15ஆம் எண் ஸ்கால்பெல் அலகால் பச்சை மாவையும் சாம்பல் படிவையும் குழியின் அடிவரை எடுக்க வேண்டும். வெள்ளி ஆக்சைடுப் பொடியை இரண்டு சொட்டு எத்தனாலில் குழைத்து, கூராக்கிய மரக்குச்சியால் குழியில் திணிக்க வேண்டும். மீதியைத் துடைத்துவிட்டு ஈரக்காற்றில் ஒரு நாள் வைத்தால் குளோரைடைப் பிடித்துக் கொண்டு குழி கரும்பழுப்பாக மூடிக்கொள்ளும். 23 குழிக்கும் சேர்த்து 4 கிராம்கூடச் செலவாகவில்லை. ஆனால் 26 அலகுகள் மழுங்கின. மழுங்கிய அலகு வழுக்கிப் பக்கத்து மேற்பரப்பைக் கீறும். சேமிக்க நினைக்க வேண்டிய பொருள் அலகு அல்ல.

பிறகு ஈரப்பதச் சோதனை. மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலை, பக்கத்தில் ஒரு தட்டில் காய்ச்சி வடித்த நீர், ஈரப்பதமானி. 95 சதவீதத்தில் 24 மணி நேரம். நோய் மிச்சமிருந்தால் இதில் தப்பாது, பச்சையாகப் பூத்துவிடும். 7 இடங்களில் பூத்தது.

அந்த ஏழையும் படத்தில் குறித்துப் பார்த்தபோதுதான் புத்தி வந்தது. இரண்டு அந்த விரிசலின் மேல். மற்ற ஐந்தும் தாடை, நெற்றியோரம், கொண்டை என்று சிதறியிருந்தாலும், ஒவ்வொன்றின் நடுவிலும் துரு நிறத்தில் கடுகளவு புள்ளி. நூலில் கட்டிய சிறு நியோடிமியம் காந்தத்தைச் சிலையின் அருகே தொங்கவிட்டு மெல்ல நகர்த்தினோம். வெண்கலத்தை அது சட்டை செய்யாது. ஆறு இடங்களில் சட்டென்று சாய்ந்து ஒட்டியது. ஆறும் இரும்பு ஊசிகள். வார்க்கும்போது சிலையின் உட்பக்கத்தை நிரப்பி நிற்கும் மண் உருவம், அதாவது கருமண், நகராமல் பிடித்துக்கொள்ளச் செருகியவை, வார்த்த பின் எடுக்காமல் விட்டுவிட்டார்கள். அப்படியென்றால் கருமண்ணும் உள்ளேதான் இருக்கிறது. இந்தக் காந்தச் சோதனைக்குப் பத்து நிமிடம் ஆகும். முதல் நாளே செய்திருந்தால் மூன்று வாரம் மிச்சம்.

கருமண் எடுத்தல்

பீடத்தோடு பிணைத்திருந்த இரும்புக் கம்பி, 12 மி.மீ. தடிமன், கழுத்து வழியாகத் தலைக்குள் போய் மண்ணில் புதைந்திருந்தது. துரு ஏறி ஊதியிருந்தது. இரும்பு துருவாகும்போது பல மடங்கு இடம் கேட்கும். கழுத்து விரிசலுக்குக் காரணம் அதுதான். கம்பியைத் திருகி இழுக்கப் பார்க்கக் கூடாது, விரிசல் ஓடிவிடும். கைப்பிடியில்லாத ரம்ப அலகால் மூன்று துண்டாக அறுத்து, மண் தளரத் தளர ஒவ்வொரு துண்டாக எடுத்தோம்.

சிலையைத் தலைகீழாக நிறுத்தினால் எடை முழுவதும் கொண்டையிலும் மூக்கு நுனியிலும் விழும். ஒரு தொட்டியில் கெட்டி பாலித்தீன் நுரையை அடுக்கி, தலையின் வடிவத்துக்கு வெட்டி, மூக்கு எதையும் தொடாதபடி உட்கார வைத்தோம். இதற்கே அரை நாள்.

மண் என்று சொன்னாலும் அது பாரிஸ் சாந்தும் செங்கல் தூளும் கலந்த கலவை. கழுத்துப் பக்கம் சுண்ணக்கட்டி மாதிரி உதிர்ந்தது. உச்சந்தலையில் செங்கல். அவசரத்தில் சுத்தியல் வகை டிரில்லை ஒருமுறை வைத்துப் பார்த்தோம். அரை நிமிடம்தான். விரிசல் 38 மி.மீ.யிலிருந்து 41 ஆனது. அத்தோடு மின்கருவி மூட்டை கட்டப்பட்டது.

பிறகு முழுக்கக் கைவேலை. 45 செ.மீ. நீளத் திருப்புளி, முனையின் மூலைகளை அரத்தால் மழுக்கியது. 12 மி.மீ. மூங்கில் குச்சி, உளி மாதிரி சீவியது. நுனியைக் கொக்கியாக வளைத்த சைக்கிள் ஆரக்கம்பி. நைலான் புட்டித் தூரிகை. தூசி உறிஞ்சியில் மெல்லிய குழாய் பொருத்தி, குத்தும் இடத்திலேயே வைத்துக்கொண்டோம். அலைபேசியில் இணைக்கும் 5.5 மி.மீ. குழாய்க் கேமராவை 10 நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே விட்டுப் பார்த்தோம். அது இல்லாமல் உச்சந்தலையை எட்டியிருக்க முடியாது. செங்கல் தூளில் சிலிக்கா உண்டு. துணி முகக்கவசம் போதாது, துகள் வடிகட்டும் அரை முகக்கவசம் கட்டாயம். மண்ணுக்குள் மெல்லிய இரும்புக் கம்பி வலையும் குறுக்கே வந்தது; நுனிவெட்டும் குறட்டால் துண்டு துண்டாக நறுக்கி எடுத்தோம். மொத்தம் 27 மணி நேரத்தில் 3.1 கிலோ. மணிக்கு 115 கிராம் கணக்கு. நனைத்தால் சீக்கிரம் வரும் என்ற ஆசை தினமும் வரும். நனைத்தால் உப்பு கரைந்து உலோகத்துக்குள் இறங்கும்.

எடுத்த மண்ணில் 10 கிராமை 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, வடிகட்டி, நீர்த்த நைட்ரிக் அமிலம் சில சொட்டு விட்டு, வெள்ளி நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு. பால் மாதிரி வெளுத்தது. அதே சோதனையைக் காய்ச்சி வடித்த நீரில் தனியாகச் செய்து ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் குடுவை அழுக்கைக் குளோரைடு என்று நம்பிவிடுவோம். எங்கள் ஒப்பீட்டு நீர் கண்ணாடியாகவே நின்றது. ஆக வெளியே நாங்கள் ஒவ்வொரு குழியாக அடைத்துக்கொண்டிருந்தபோது, உள்ளே 3 கிலோ உப்புமண் ஊசித்துளை வழியாகவும் விரிசல் வழியாகவும் சப்ளை செய்துகொண்டிருந்தது.

ஒரு முக்கியமான இடைச்செருகல். எடுத்த மண்ணை எல்லாம் கொட்டிவிடக் கூடாது. வார்ப்பின் சூட்டில் வெந்த கருமண்ணை வைத்து வெப்ப ஒளிர்வு முறையில் சிலை எப்போது வார்க்கப்பட்டது என்று கணிக்க முடியும். முகத்துக்குப் பெயர் இல்லாத சிலைக்கு அந்த ஆண்டுக் கணக்கு பெரிய பிடி. மாதிரி உள்ளாழத்திலிருந்து, வெளிச்சம் படாமல் எடுக்கப்பட வேண்டும். எக்ஸ்-கதிர்ப் படம் எடுப்பதானால் அதற்கு முன்பே மாதிரியை எடுத்துவிட வேண்டும், கதிர் பட்டால் கணக்கு குழம்பும். இது பாதி வேலைக்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. நல்லவேளை, உச்சந்தலை மண் மிச்சமிருந்தது. விளக்கை அணைத்து, மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் 200 கிராம் எடுத்துக் கறுப்புப் பையில் கட்டியாயிற்று.

மண் போன பிறகு தெரிந்த உட்சுவர்தான் இந்த வேலையில் கிடைத்த பரிசு. மெழுகைப் பூசிய தூரிகைத் தடம், கன்னத்துக்குப் பின்புறம் மெழுகை அழுத்திய மூன்று விரல் பள்ளங்கள், எல்லாம் வெண்கலத்தில் பதிந்திருந்தன. கம்பித் தூரிகை போட்டிருந்தால் போயிருக்கும்.

ஊசிகளை வெளியிலிருந்து துளைத்து எடுக்க முயன்றது இன்னொரு தப்பு. இரும்பு கடினம், வெண்கலம் மென்மை. டிரில் முனை இரும்பில் ஏறாமல் பக்கத்து வெண்கலத்தில் சறுக்கும். முதல் துளை 2.5 மி.மீ.க்குப் பதில் 3.6 மி.மீ. ஆனது. மற்ற ஐந்தையும் உள்ளிருந்து நீள்மூக்குக் குறட்டால் பிடித்து, வெளியிலிருந்து மழுங்கிய ஆணியால் மெல்லத் தட்டி உள்பக்கமாகவே எடுத்தோம்.

குளோரைடைக் கட்டுதல்

உள்ளே எத்தனால் ஊற்றி, அலசி, வடித்து, மூன்று முறை. பிறகு சிலிக்கா ஜெல் 2 கிலோ வைத்த மூடிய பெட்டியில் 6 நாள். ஈரப்பதமானி 35க்குக் கீழே இறங்கி அங்கேயே நின்ற பிறகுதான் அடுத்த கட்டம்.

பென்சோட்ரையசோல் (செம்பு அரிப்பைத் தடுக்கும் மருந்து), எத்தனாலில் 3 சதவீதம். முழுச் சிலையையும் அமிழ்த்த நாற்பது லிட்டருக்கு மேல் தேவைப்படும், வீண். தலைகீழாக நிறுத்தி, ஊசித்துளைகளையும் விரிசலையும் வெளியிலிருந்து களிமெழுகால் அடைத்து, தலையையும் கழுத்தையும் மட்டும் நிரப்பினோம். 4 லிட்டர் எத்தனால், 120 கிராம் மருந்து. ஒரு துளை கசிந்தது; அடியில் தட்டு இருந்ததால் பிழைத்தோம். 24 மணி நேரம். வெளிப்பக்கம் அதே கரைசல் தூரிகையால் மூன்று பூச்சு, இடையில் பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்தோம், எத்தனால் ஆவியாகாமல் குழிக்குள் இறங்கட்டும் என்று. உலர்ந்ததும் வெள்ளைப் பொடியாகப் படியும் மீதியை எத்தனால் பஞ்சால் துடைக்க வேண்டும். நைட்ரைல் கையுறை இல்லாமல் இந்த மருந்தைத் தொடவே கூடாது, உடம்புக்கு ஆகாது. இத்தனை லிட்டர் எத்தனால் திறந்திருக்கும் அறையில் சுடர், ஹீட்டர், பொறி பறக்கும் சுவிட்ச் எதுவும் கூடாது. பயன்படுத்திய கரைசலை மறுபடி பயன்படுத்தவில்லை. அதில் இப்போது குளோரைடு இருக்கிறது.

மறுபடி ஈரப்பெட்டி, 24 மணி நேரம். 2 புள்ளிகள், இரண்டும் விரிசலின் உதட்டில். சுரண்டி, வெள்ளி ஆக்சைடு திணித்து, மூன்றாம் முறை பெட்டியில் வைத்தபோது ஒன்றும் வரவில்லை.

விரிசலைப் பற்றவைக்கும் யோசனையை எடுத்த எடுப்பிலேயே கைவிட்டோம். ஈயம் கலந்த வெண்கலத்தில் பற்றவைத்தால் ஈயம் உருகிக் கசிந்து பற்று பொத்தலாகும். சுற்றிலும் ஒரு சாண் அளவுக்கு மேற்பரப்பின் நிறமும் எரிந்துபோகும். உள்பக்கம் பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் கரைசல் ஒரு பூச்சு, அதன்மேல் 60 × 25 மி.மீ. கண்ணாடி இழைத் துணி இரண்டு அடுக்கு, எப்பாக்சி. அடியில் பி-72 இருப்பதால் பின்னாளில் அசிட்டோனால் இளக்கி எடுத்துவிடலாம். வெளியிலிருந்து பார்த்தால் விரிசல் தெரியும். தெரியட்டும்.

மெழுகும், வரிசை மாறிய வினையும்

ஊசித்துளைகளைக் கெட்டியான பி-72, கண்ணாடி நுண்மணிகள், உலர்நிறமி மூன்றும் குழைத்து அடைத்தோம். நிறம் அச்சாகப் பொருந்தியது. மறுநாள் முதுகுப்பக்கத்தில் சூட்டு மெழுகு போட்டுப் பார்க்கலாம் என்று ஹீட் கன்னை எடுத்தோம். அகச்சிவப்பு வெப்பமானி 70 டிகிரி என்றது. தொட்டு அளக்கும் வெப்பமானி அதே இடத்தில் 104 காட்டியது. தேய்ந்து பளபளக்கும் உலோகம் வெப்பத்தைக் குறைவாகவே வெளிவிடும். அகச்சிவப்புக் கருவி அதில் ஏமாறும். சூடு உலோகத்தில் ஓடிக் கொண்டை வரை போய்விட்டது. பி-72 சுமார் 40 டிகிரியிலேயே இளகத் தொடங்கும் பொருள். மூன்று துளைகளில் அடைப்பு உள்ளே சரிந்தது.

அதை எல்லாம் எடுத்துவிட்டு முகத்துக்கும் முன்பக்கத்துக்கும் குளிர்ந்த மெழுகுதான் போட்டோம். மழையில் நிற்கும் சிலைக்குச் சூட்டு மெழுகு தேவை, அதையும் ஆண்டுக்கொரு தரம் புதுப்பிக்க வேண்டும். வீட்டுக்குள் இருக்கப்போவதற்கு அது அதிகப்பிரசங்கித்தனம். மைக்ரோகிரிஸ்டலின் மெழுகுப் பசை, குட்டை மயிர்த் தூரிகை, மெல்லிசாக இரண்டு பூச்சு, இடையில் ஒரு நாள். மொத்தம் 60 கிராம். கொண்டைப் பின்னல்களில் முதல் பூச்சு தேங்கி வெளுத்தது. வெள்ளை ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் எடுத்து மறுபடி பூசினோம். அதன்பின் துளைகளின் வாயை மட்டும் கரைப்பானால் துடைத்துப் புதிதாக அடைத்தோம்.

பழைய மரப்பீடத்தைத் திரும்பப் பொருத்தவில்லை. ஓக் மரம் விடும் அமில ஆவி ஈயம் கலந்த உலோகத்துக்கு ஆகாது. புதிய கல்பீடம், எம்10 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட், உலோகம் உலோகத்தைத் தொடாமல் நைலான் வாஷர். பெயர்த்தகடு இருந்த துளைகளோடு பழைய பீடம் தனிப்பெட்டியில் இருக்கிறது. என்றைக்காவது 84 மி.மீ. இடைவெளியில் துளையுள்ள தகடு ஒன்று எங்காவது கிடைத்தால் பொருத்திப் பார்க்க அது வேண்டும்.

செலவுக் கணக்கு: 61 மணி நேரம், அதில் கிட்டத்தட்ட பாதி மண் தோண்டியது. எத்தனால் 11 லிட்டர், அசிட்டோன் 3 லிட்டர், சிலிக்கா ஜெல் 2 கிலோ (உலர்த்தித் திரும்பப் பயன்படும்). சிலையின் எடை இப்போது 18 கிலோ.

அடுத்த சிலைக்கு வரிசை இப்படி இருக்கும்: காந்தம், அடிப்பக்கம் திறந்து கேமரா, இருட்டில் மண் மாதிரி, பிறகு மண் முழுவதும், அதற்குப் பிறகே மேற்பரப்பில் முதல் பஞ்சு. தண்ணீர் கிடையாது. சூடு காட்டுவதானால் அடைப்புக்கு முன்னால்.

இப்போது சிலை கண்ணாடிப் பெட்டிக்குள், ஈரப்பதம் 40க்குக் கீழே. மாதம் ஒருமுறை அதே படத்தை வைத்துக்கொண்டு 23 எண்களையும் உருப்பெருக்கியில் பார்க்கிறோம். 11ஆம் எண், இடது காதுமடலுக்குக் கீழே, கரும்பழுப்புத் தழும்பாக இன்னும் தெரிகிறது. நிறம் கொடுத்து மறைக்கவில்லை. என்னென்ன மருந்து, எந்த அளவு, எந்தத் தேதியில் என்று பாலியெஸ்டர் தாளில் எழுதி உள்ளே கழுத்துப் பக்கம் கட்டித் தொங்கவிட்டிருக்கிறது.